விழுந்த குதிரைக்காரன்

“மண்ணுக்குள்ள கிடந்த முகத்தை வீட்டுக்குள்ள கொண்டந்து வைச்சால்...” ஊர்ச்சங்கக் கூட்டத்தில் பழங்காசுகளைப் பற்றித் தியாகராசா அண்ணை பேசியது. மிச்சத்தை நான் கேட்கவில்லை. சாப்பாடு வந்துவிட்டது.

மன்னாரில் இரண்டு வருசம் வேலை பார்த்துவிட்டு கனடாவுக்கு, மொன்ட்ரியால்-நோருக்குத் திரும்பிய எனக்கு, வீட்டில் மிஞ்சியது பேஸ்மென்ற் அறை ஒன்றுதான். அதில் நானும் என் பழைய ரோமன் வெண்கலக் காசுகளும். அதையும் தன் தாய் பிலோமினம்மாவுக்குக் கேட்டாள் என் மனைவி ஜென்சி. மாமி அடுத்த கிழமை வருகிறா.

விடுவேனா? பயம் காட்டத் தீர்மானித்தேன்.

நகத்தளவு காசொன்றை ஜென்சியிடம் நீட்டினேன். அதில் படைவீரன் ஒருவன் ஈட்டியால் குத்துகிறான். குதிரையோடு சரிந்தவன் பின்னால் திரும்பிக் கைநீட்டிக் கெஞ்சுகிறான்.

“சுத்திவர என்ன எழுதிக் கிடக்கு?”

“நல்ல காலம் திரும்பிட்டுதாம்.”

“ஆருக்கு?”

“குத்தினவனுக்கு. ஜென்சி, விழுந்தவன் அசையிறான். மாமிக்கு இந்த அறை சரிவராது.”

“அப்பிடியே?” என்றாள்.

செவ்வாய்க்கிழமை காசுகள் அடுக்கிய தட்டின் மூடியைத் திறந்தேன். கெஞ்சியவன் குதிரையின் கழுத்தைக் கட்டிப்பிடித்திருந்தான்.

“காசைத் தொட்டனீரோ?”

“எனக்கென்ன விசரே? அசையிறான் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்.”

“அது சும்மா சொன்னது.”

“அவனுக்கு அது தெரியாதெல்லோ.”

வியாழன், முழங்காலில் நின்றான். ஞாயிறு, பூசை முடிந்து வந்து பார்த்தேன். நிலத்தில் குந்தியிருந்தபடி நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹீற்றர் வேலை செய்தது. எனக்குக் குளிர்ந்தது.

பக்கத்து நகரமான லொங்குய்யில் பழங்காசு விற்கும் றெனோல்டுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். சிரித்தான்.

“அண்ணை, அந்த வகைக் காசுகளில விழுந்தவன் நாலு விதமாய் இருப்பான். உங்கட மனுசி வந்து மற்ற விதங்களில வாங்கினவ. எதுக்குப் பிறகு எது எண்டும் கேட்டவ.”

மேலே ஓடினேன். ஜென்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“பிடிபட்டீர். மூண்டுதரம் மாத்தி வைச்சிருக்கிறீர்.”

“ரெண்டுதரம்,” என்றாள். “கழுத்தைப் பிடிச்சவன் ஒண்டு. முழங்காலில நிண்டவன் ஒண்டு. ரெண்டு காசுதான் வாங்கினனான்.”

றெனோல்டைத் திரும்பக் கேட்டேன். இரண்டுதான்.

“அப்ப, இண்டைக்கு என்னைப் பாத்துக்கொண்டிருக்கிறவன்?”

வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள். “எனக்கென்ன தெரியும்? ஆனா அம்மா பயப்பிட மாட்டா. தனிய இருக்கிறதுதான் அவவுக்குப் பிடிக்காது.”

மத்தியானத்துக்கு முன்னர் அறையைக் காலிசெய்து, கதவுத் திறப்பை ஜென்சியிடம் கொடுத்தேன்.