நமஸ்காரம் சொன்ன மெஷின்

மட்டாஞ்சேரியில் அந்தச் சந்துக்குக் குழாய் ஜலம் விடியும் முன்னே வந்து, விடிவதற்குள் போய்விடும். எழுந்து மோட்டாரைப் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றாவிட்டால் அன்றைக்கு யாருக்கும் குளியல் கிடையாது. கல்யாணமான நாள் தொட்டு எழுந்தவள் கங்கா. குறட்டை விட்டவர் வாஞ்சிநாதன். சுக்கு ஏற்றுமதி ஆபீசில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிற மனுஷர், பாவம், அவருக்கும் ஓய்வு வேண்டாமா?

ஒரு நாள் கங்காவுக்குக் காய்ச்சல். தொட்டி காலி. குளிக்காமல் ஆபீசுக்குப் போய், எல்லாரும் நகர்ந்து உட்காருவதைப் பார்த்துவிட்டு வந்தவர், சபதம் செய்தார்.

“இனிமே நீ எழுந்திருக்கவே வேண்டாம். ஜலம் வந்தா தானா மோட்டார் போடற மெஷின் பண்ணப்போறேன். அது சரியாகற வரைக்கும் சுவிட்ச் என் பொறுப்பு.”

“பேச்சு மாற மாட்டேளே?”

“உன் தலைமேல சத்தியம்.”

“என் தலை ஏற்கெனவே வலிக்கறது. உங்க தலைமேலயே பண்ணுங்கோ.”

போட் ஏறி அக்கரையில் பிராட்வே கடைத்தெருவுக்குப் போனார். மைக்ரோகன்ட்ரோலர் என்கிற குட்டிப் பலகை, குழாயில் ஜலம் வந்தால் சொல்ல ஒரு சென்சார், மோட்டாரைத் தட்டிவிட ஒரு ரிலே, ஒரு சின்னத் திரை, எல்லாம் வந்தன. கரண்டுக்குத் தன் புது போன் சார்ஜரையே தியாகம் செய்தார். பலகை கண் திறக்கும்போதெல்லாம் திரையில் ‘நமஸ்காரம்’ என்று வரும்படி எழுதிவைத்தார். மெஷினானாலும் மரியாதை வேண்டுமே.

மறுநாள் ஜலம் வந்தது. மெஷின் கண்டுபிடித்தது. ரிலேயை டக்கென்று தட்டியது. தட்டிய கையோடு மயங்கி விழுந்து, மறுபடி கண் திறந்து, ‘நமஸ்காரம்’ என்றது. மறுபடி டக். மறுபடி நமஸ்காரம். வாஞ்சிநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு கையாலேயே சுவிட்சைப் போட்டார். உள்ளே கங்கா புரண்டு படுத்தாள்.

அப்புறம் தினமும் இதே கூத்து. ப்ரோக்ராமைத் திருத்தினார். ரிலேயை மாற்றினார். ரிலே இருந்த இடத்தில் குட்டி விளக்கை மாட்டினால் சமர்த்தாக எரிகிறது. ரிலேயை மாட்டினால் மயக்கம்.

“என்னன்னா, இன்னிக்கும் நமஸ்காரம்தானா?”

“கிண்டல் பண்ணாதே. ஏதோ சின்னத் தப்பு.”

“நிதானமா பாருங்கோ. அவசரமே இல்லை.”

இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று பூரித்துப்போய் மறுபடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடிபட்டது. ரிலே தட்டுகிற சமயம் திரை மங்குகிறது. ரிலே இழுக்கிற இழுப்புக்குச் சார்ஜருக்குத் திராணி இல்லை; பலகை பட்டினியில் சுருண்டு விழுகிறது. ஆனால் அவர் போட்டது புதுச் சார்ஜராச்சே? பிடுங்கிப் பார்த்தார். கங்காவின் ஒட்டுப்போட்ட பழைய சார்ஜர். அவருடையது கட்டில் பக்கத்தில் அவள் போனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

“இது எப்போ இங்க வந்தது?”

“நீங்க மெஷின் மாட்டின அன்னிக்கு ராத்திரியே. என்னோடது ரொம்ப மெதுவா ஏறித்து. மாத்திட்டேன்.”

“இவ்வளவு நாள் ஏன் சொல்லலை?”

“நீங்க எழுந்து மோட்டார் போடற சத்தம் கேட்டுண்டே படுத்திருந்தேன். அதுக்கப்பறம் சொல்ல வாயே வரலை.” குரல் கொஞ்சம் இறங்கியது. “எத்தனை வருஷம் கழிச்சுத் தூங்கறேன் தெரியுமோ?”

வாஞ்சிநாதனுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் வெட்கம் வந்தது. ஆனாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான். சார்ஜரை மாற்றினார். டக். மோட்டார் ஓடியது. நாளையிலிருந்து இரண்டு பேருக்கும் தூக்கம் என்று அறிவித்துவிட்டுப் படுத்தார்.

மறுநாள் அதே நேரத்துக்கு, யாரும் எழுப்பாமலே, அவர் கண் திறந்துகொண்டது. மோட்டார் தானாக ஓடிக்கொண்டிருந்தது. புரண்டு படுத்தார். குப்புறப் படுத்தார். தூக்கம் வருவதாக இல்லை.

போர்வைக்குள்ளிருந்து கங்காவின் குரல் வந்தது.

“மோட்டாரை மெஷின் பாத்துக்கும். முழிச்சுண்டுதானே இருக்கேள், போய் டிகாஷன் போடுங்கோ.”