ஒரு மணி நேரத்தில் ஷவர் திரை

துவைத்துக் காயவைத்து மாட்டிப் பார்த்தால், திரை முழங்காலோடு நின்றுவிட்டது. காலையில் தைத்து முடித்தபோது தரையைத் தொட்ட திரை.

"சுருங்கிடுச்சு," என்றாள் மனைவி, குளியலறை வாசலில் நின்றபடி.

"எனக்கும் கண்ணு இருக்கு."

"துணியை முதல்ல நனைச்சுக் காயவெச்சுட்டுத்தானே வெட்டணும்? உங்க கட்டுரையில அது இல்லையா?"

இல்லை. அவர் ஒரு வாரப் பத்திரிகையில் 'நீங்களே செய்யலாம்' என்ற பக்கத்தை மூன்று வருடமாக எழுதுகிறார். மெத்தை உறை, மேஜை விரிப்பு, கைப்பை என்று வாசகர்களைப் பாடாய்ப் படுத்தியவர், இன்று காலை வரை சொந்தமாக ஒரு பட்டன்கூடத் தைத்ததில்லை. எல்லாம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி யோசித்தது. சமீபத்தில் 'அழகிய ஷவர் திரை: ஒரு மணி நேர வேலை' என்று எழுதினார். உடனே பத்திரிகை ஆசிரியர் அம்மா போனில் கூப்பிட்டார்.

"உங்க பக்கத்துக்கு அப்படியொரு வரவேற்பு சார். சனிக்கிழமை நாலு மணிக்கு கேமராவோட வர்றோம். நீங்க தைச்ச திரை, பக்கத்துல நீங்க. அட்டைப்படம்!"

இதுவரை அவர் முகம் அச்சில் வந்ததே இல்லை. தலைகால் புரியாமல் சரி என்றுவிட்டார். இன்று சனிக்கிழமை. மணி பன்னிரண்டு.

"கீழே சிவப்புல ஒரு ஃப்ரில் வெச்சுட்டா உயரம் சரியாயிடும்," என்றார்.

"வெச்சுப் பாருங்க."

மாடி வீட்டில் இரவல் வாங்கிய தையல் மெஷின் அரை மணி நேரம் அலறியது. ஃப்ரில் கச்சிதமாக உட்கார்ந்தது. அவரால்தான் எழுந்திருக்க முடியவில்லை. சட்டை நுனியும் சேர்ந்து தைபட்டிருந்தது.

"அட்டைப்படத்துக்கு இப்படியே நில்லுங்க. நீங்களேதான் தைச்சீங்கன்னு ஊருக்கே தெரியும்," என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலால் அவரை விடுவித்தாள்.

மாட்டி, பெருமையாக ஷவரைத் திறந்தார். சிவப்புச் சாயம் நீலப் பூப்போட்ட வெள்ளைத் துணியில் ஏறி, தரையிலும் ஓடியது.

"ஐயோ, கொலை நடந்த வீடு மாதிரி இருக்கு!"

"பிளீச் எங்கே?"

பிளீச் சாயத்தை எடுத்தது. கூடவே நீலப் பூக்களையும் எடுத்துவிட்டது. தண்ணீர் குடித்துக் கனத்த துணியை அவர் ஆத்திரத்தில் ஒரு இழு இழுக்க, கம்பியும் கையோடு வந்தது. சுவரில் இருந்து கொஞ்சம் காரையும் உதிர்ந்தது.

அவர் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். அழுகையே வந்துவிட்டது. மூன்று வருடப் பேர், நாலு மணிக்குக் கேமரா முன்னால் காற்றில் பறக்கப்போகிறது.

மனைவிக்கும் மனசு கேட்கவில்லை. "கம்பியை நான் பார்த்துக்கறேன். நீங்க தெருமுனைத் தையல்காரர்கிட்ட ஓடுங்க," என்றாள்.

தையல்காரர் ஈரத் துணியை மேஜையில் விரித்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"யார் சார் தைச்சது?"

"என்... என் மச்சினன்."

"நனைக்காம வெட்டியிருக்காரு. 'நீங்களே செய்யலாம்' படிச்சாரா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

தையல்காரர் அலமாரியைத் திறந்து காட்டினார். அடுக்கடுக்காகத் துணி. "எல்லாம் ஷவர் திரைதான். எல்லாமே முழங்கால் உயரம். இதுக்கு முன்னாடி மெத்தை உறையா வந்துச்சு. ஒரு மணி நேரத்துல உங்களுக்குச் சரிபண்ணித் தர்றேன், உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. அத்தனை வீட்டிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆசிரியர் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு எழுதுவதையே விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

"இவ்வளவு பேரைக் கெடுக்கறான். அந்த ஆளை நிறுத்தச் சொல்லி யாராவது பத்திரிகைக்கு ஒரு லெட்டர் போடக் கூடாதா?" என்றார்.

தையல்காரர் பதறிப்போய்க் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"வாயைக் கழுவுங்க சார்! அவர் நிறுத்திடக் கூடாதேன்னுதான், வாரம் தவறாம வேற வேற பேர்ல நாப்பது பாராட்டுக் கடிதம் நானே எழுதிப் போட்டுக்கிட்டிருக்கேன்!"