காலையில் மட்டும் இருமும் கார்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீங்களும் என் தங்கையும் குழந்தையும் சௌக்கியம் என்றே நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, விசாரிக்க வழியில்லை. எப்போது போன் செய்தாலும் குழந்தைதான் எடுத்து, "அம்மா குளிக்கிறாங்க மாமா" என்கிறது. காலையில் குளிக்கலாம், தப்பில்லை. மத்தியானமும் குளிக்கிறாள், சாயங்காலமும் குளிக்கிறாள். என் தங்கை இவ்வளவு சுத்தக்காரி என்பது கூடப்பிறந்த எனக்கே இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது.

காரணம் தெரியாதவன் இல்லை நான். குழந்தையின் பிறந்தநாளன்று, கேக் வெட்டக் கத்தியைக் கையில் எடுத்த நேரத்தில், வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், "மாப்பிள்ளை ஓட்டைக் காரை என் தலையில கட்டிட்டாரு" என்று சொன்ன வாய் இந்த வாய்தான். நீங்கள் பதிலுக்குக் கத்தவில்லை. "எங்க வீட்டுல இருந்தவரைக்கும் அது ஒரு நாள்கூட இருமினதில்ல மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். முடியாது என்று தெரிந்தும் அள்ளப் பார்க்கிறேன்.

உங்களிடம் வாங்கிய அந்தக் கார் காலையில் சாவியைத் திருப்பியதும் இருமும், குலுங்கும். நாலு பேர் தூக்க வேண்டிய பீரோவை மூன்று பேர் தூக்கினால் எப்படி ஒரு பக்கமாக இழுக்குமோ அப்படி, நாலு சிலிண்டரில் ஒன்று வேலைக்கு வராது. சரி, டாக்டரிடம் காட்டுவோம் என்று மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனால், போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகி, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று நிற்கும். "எங்க சார் கோளாறு? தாலாட்டு மாதிரி ஓடுதே" என்பார் அவர். ஸ்பார்க் பிளக் நாலையும் மாற்றினார். மறுநாள் காலை இருமியது. ராத்திரி பட்டறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றார், விட்டேன். அவருடைய கூரைக்கு அடியில் தூங்கி எழுந்து, காலையில் ஒரு செருமல்கூட இல்லாமல் கிளம்பியது. "வீட்டை விட்டு வந்தா நல்லா இருக்கு சார், உங்க வீட்டுலதான் ஏதோ சரியில்ல" என்று அவர் சிரித்ததை நான் மனதில் வைத்துக்கொண்டு, இன்ஜினைச் சூடாக்காமலே அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி மூக்கை உடைப்பது என்று முடிவு செய்தேன். அதாவது, தள்ளிக்கொண்டே போவது. ஸ்டியரிங்கில் என் மனைவி, பின்னால் நான். தெருமுனை திரும்புவதற்குள் எனக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது. அங்கே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த கும்பல் ஒன்று பரிதாபப்பட்டு, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஓடிவந்து கை கொடுத்தது. அதில் ஒருவன், "அக்கா, செகண்ட் கியர் போட்டு கிளட்ச்ச விடுங்க!" என்று கத்தினான். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சில் ஒன்றைக்கூடக் கேட்காதவள், முன்பின் தெரியாத ஒருவன் சொன்னதும் உடனே கேட்டாள். கார் கிளம்பிவிட்டது. கும்பல் கைதட்டியது. அவள் நேராகப் பட்டறைக்கே ஓட்டிப்போய் இறங்கினாள். ஒற்றைச் செருப்போடு நான் போய்ச் சேர்ந்தபோது, இன்ஜின் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் எனக்கு நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

அப்புறம் நானே கண்டுபிடிப்பது என்று விடியும் வேளையில் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டு நின்றேன். மனைவி வீட்டுக்குள்ளே தண்ணீர் மோட்டாரைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் என் பிடரியில் சில்லென்று தண்ணீர் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழியும் குழாய் சரியாக என் தலைக்கு மேலே இருந்தது. அது தினம் பானெட்டில் விழுந்து, இடுக்கு வழியாக இறங்கி, பிளக் இருக்கும் குழியில் தேங்கியிருக்கிறது. ஈரத்தில் தீப்பொறி பிடிக்கவில்லை, சூடேறியதும் காய்ந்திருக்கிறது. அங்கே என் தங்கை குளிக்கிறாள், இங்கே உங்கள் கார் குளித்திருக்கிறது. இது தெரியாமல் உங்களைப் பொய்யர் ஆக்கிவிட்டேன் மாப்பிள்ளை. நனைந்த சட்டையோடு வாசற்படியில் உட்கார்ந்தபோது, நீங்கள் தட்டை வைத்துவிட்டுப் போனதுதான் கண் முன்னால் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. காரை மறுபக்கம் நிறுத்தினேன். மறுநாள் இருமாமல் கிளம்பியது, அதற்கடுத்த நாளும் கிளம்பியது. கார் நல்ல கார். நீங்களும் நல்லவர். கோளாறு முழுக்க என் வீட்டிலும் என் வாயிலும்தான். பெரிய மனது பண்ணி மன்னித்துவிடுங்கள்.

தங்கைக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். உங்களுக்கு ஆசி சொல்லும் யோக்கியதை எனக்கு இப்போதைக்கு இல்லாததால், வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
வாய் கொழுத்த உங்கள் மச்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுத் தபாலில் போடலாம் என்று காரை எடுத்தேன். இருமுகிறது. காய்ந்த இடத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், பழையபடியே இருமுகிறது. எனவே மேலே கேட்ட மன்னிப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறேன். தப்பு உங்களுடையதா என்னுடையதா என்று நீங்களே உங்கள் காதால் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். காலையில் மட்டும்தான் இருமும் என்பதால், முந்தின நாளே மூவருமாக வந்து இங்கே தங்க வேண்டியிருக்கும். மெக்கானிக் இன்றைக்கே வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார். நீங்கள் வரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தங்கையிடம் சொல்லுங்கள், எங்கள் தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிகிறது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவள் இங்கேயே குளிக்கலாம்.