நான்கு கதவுகளும் ஓர் அத்தையும்

லியார்கோ பின்னால் திரும்பிப் பார்க்கும் வழக்கமில்லாதவன். அது செருக்கு அன்று. தொழில் தந்த பழக்கம். மொதெனா நகரத்துப் பந்தயக் கார் தொழிற்சாலை ஒன்றில் பதினைந்து ஆண்டுகளாகச் சோதனை ஓட்டுநராக இருந்தான். அவன் ஓட்டியவை எல்லாம் இரண்டே இருக்கை கொண்டவை. முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் தொட்டியைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. நண்பகலில் சோதனை வண்டியை வீட்டு வாசலில் நிறுத்துவான், சூப்பில் மிதக்கும் தோர்த்தெல்லீனி என்ற கறிக் கொழுக்கட்டைகளை உண்பான், ஏறிப் போய்விடுவான்.

வீட்டில் அவன் சொல்லி வைத்திருந்ததோ வேறு கதை.

"கதவு மூடுதா, விளக்கு எரியுதான்னு பாக்கறதுதான் என் வேலை. மாட்டு வண்டி மாதிரி மெதுவாத்தான் ஓட்டுவேன்."

வேகமாக ஓட்டுகிறான் என்று தெரியவந்தால், மறுநாளே மாமியார் அர்ஜியாவின் பன்றிக்கறிக் கடையில் அவன் கத்தி பிடிக்க வேண்டும். திருமணத்தன்றே மனைவி இவோன் விதித்த நிபந்தனை அது. அர்ஜியாவுக்கோ கார் என்றாலே ஆகாது. "சக்கரம் வெச்ச சவப்பெட்டி" என்பாள்.

அந்த ஆண்டின் வசந்தத்தில் தொழிற்சாலை ஓர் அதிசயத்தைப் பெற்றெடுத்தது. அதுவரை வேகம் இருவருக்கே உரியதாக இருந்தது. குடும்பத்தோடு போகிறவர் மெதுவாகத்தான் போயாக வேண்டும். பந்தயத் திடலை அதிரவைத்த எட்டு சிலிண்டர் எஞ்சினை ஒரு வரவேற்பறைக்கு முன்னால் பூட்டினால் என்ன என்று யாரோ துணிந்து கேட்டார்கள். தூரின் நகரத்து இளைஞன் ஒருவன் அதை வரைந்தே காட்டிவிட்டான். நீண்ட முகம், விரல் பருமனான தூண்கள் தாங்கும் கூரை, சுற்றிலும் கண்ணாடி, உள்ளே தேன் நிறத் தோல் இருக்கைகள், நான்கு கதவுகள். முதன்முதலாக அதைக் கண்டபோது லியார்கோ தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றிவிட்டான், தேவாலயத்துக்குள் நுழைந்தவனைப் போல.

ஒருநாள் நண்பகலில் அந்த வண்டியை வாசலில் நிறுத்தி உண்டுவிட்டு, அதிலேயே அவன் நெடுஞ்சாலையில் ஏறினான். வேகமானியின் முள் இருநூறைத் தொட்ட நொடியில் பின்னாலிருந்து ஒரு குறட்டை கேட்டது.

பின்புறம் காட்டும் கண்ணாடியை நிமிர்த்திப் பார்த்தான். அத்தை! உண்ட மயக்கத்தில் நிழல் தேடி ஏறியிருக்கிறாள். மடியில் செர்ரிப் பழப் பை திறந்தே கிடந்தது. இத்தனை வேகத்திலும் ஒரு பழம் உருளவில்லை. அச்சத்தையும் மீறி அவனுக்கு மெய்சிலிர்த்தது.

'எழுப்பாமல் வீடு சேர்த்துவிடுவோம்' என்று, நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் ரெஜ்ஜோ நகரத்துத் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தான்.

"ம்ம்… யாருடா அது?" என்று அர்ஜியா புரண்டாள்.

பதறி ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். குறட்டை திரும்பியது. திருப்பம் பின்னால் போய்விட்டது.

பார்மா நகரத்துத் திருப்பத்தில், இறகு வைப்பதுபோல் பிரேக்கின்மேல் காலை வைத்தான்.

"இவோன்! வீடு வந்துருச்சாடி?"

மறுபடியும் மிதித்தான். இம்முறை முள் இருநூற்று இருபதைத் தாண்டியது. வயல்களும் பாப்லர் மரங்களும் பச்சை நீராய் ஓடின. எஞ்சினோ, பாட்டு வகுப்பில் சுருதி சேர்க்கும் பிள்ளையைப் போல் ஒரே சுரத்தில் நின்றது. அடுத்த திருப்பத்தில் தாலாட்டுப் பாடிக்கொண்டே வேகத்தைக் குறைத்துப் பார்த்தான்.

"எந்தக் கழுதைடா அது கத்தறது?"

பாட்டும் நின்றது, திருப்பமும் போயிற்று. வீடு அரை மணி நேரத் தொலைவுக்குப் பின்னால் போய்விட்டது. காலையிலிருந்து ஓடிய வண்டியில் பெட்ரோலும் தீர்ந்தது. பியாசென்சாவுக்கு அருகே ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டி தானாகவே உருண்டு நின்றது.

அர்ஜியா கண் விழித்தாள்.

"எங்கடா இருக்கோம், மாப்ளே?"

"பியாசென்சா பக்கத்துல, அத்தை."

"சாப்ட்டு எவ்ளோ நேரமாச்சு?"

"அரை மணி."

"ஓஹோ. உன் மாட்டுக்கு றெக்கை முளைச்சிருக்கோ?"

லியார்கோ இறங்கிப் பின்கதவைத் திறந்து, நிலையத்துத் தூசியில் மண்டியிட்டான்.

"பதினஞ்சு வருஷமா பொய் சொல்லிட்டேன், அத்தை. இவோன்கிட்ட நானே சொல்லிடறேன். நாளைக்கே சாவியக் குடுத்துட்டுக் கடைக்கு வந்துடறேன்." சொல்லும்போதே அவன் கை வண்டியின் விளிம்பைத் தடவியது, குழந்தையை விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும் தகப்பனின் கை அது. "பரிகாரமா நீங்க என்ன சொன்னாலும் செய்யறேன்."

அர்ஜியா நீதிபதியைப் போல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "முதல்ல காப்பி. தீர்ப்பு அப்புறம்."

நிலையத்துக் காப்பிக் கடைக்காரர் ப்ரிமோ கோப்பையோடு வந்து ஜன்னலில் குனிந்தார், முகமெல்லாம் மலர்ந்தார்.

"அட, வாங்கம்மா! 'வேகம் கொறையறப்போ முழிச்சுக்கற மாதிரி நடிச்சாப் போதும், பையன் பறப்பான்'னு போன வாரம் இதே மாதிரி ஒரு சிவப்பு வண்டியில வேற டிரைவரோட வந்தப்போ எங்கிட்ட சொன்னீங்களே, இவர்கிட்டயும் பலிச்சுதா?"