மூன்றா, எட்டா?

இன்று சாயங்காலத்துக்குள் அந்த நம்பரைப் படித்தே தீருவது என்று கணவர் முடிவு கட்டினார். அச்சகத்தில் பதினெட்டு வருடமாகப் பிழை திருத்துகிறவர். எறும்பு சைஸ் எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவரை, அவரைவிட வயதில் மூத்த ஒரு கார் எஞ்சின் திணறடித்துக்கொண்டிருந்தது.

கார் ஷெட்டை அடைத்துக்கொண்டு ஆறு மாதமாகிறது. மனைவி தையல்காரி. படுக்கையறை மூலையில் சுவரில் முழங்கை இடிக்கத் தைத்துக்கொண்டிருந்தவள், காலையில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

“எஞ்சின்ல அடிச்சிருக்கற நம்பரை இன்னிக்கு ஆறு மணிக்குள்ள நீங்களே படிக்கணும். அது வண்டியோட ஆர்.சி. புக்கோட ஒத்துப்போனா கார் இருக்கட்டும். இல்லைன்னா ஷெட் என் மிஷினுக்கு.”

“ஊரார் தப்பையெல்லாம் பார்க்கறவன்மா நான்.”

“உங்க தப்பை நான் பார்த்துக்கறேன். நீங்க நம்பரைப் பாருங்க.”

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். பழைய பல் பிரஷால் தேய்த்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். கடைசி எண் நேராகப் பார்த்தால் மூன்று. சாய்ந்து பார்த்தால் எட்டு. தும்மிவிட்டுப் பார்த்தால் இரண்டும் இல்லை. மற்ற எண்கள் அந்த அளவுக்குக்கூட முகம் காட்டவில்லை.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மதில் மேல் எட்டிப் பார்த்தார். “என்ன சார், பிரஷ்ஷும் கையுமா?”

“எஞ்சின் நம்பர் தெரியல டாக்டர். ரொம்ப அரிச்சிருக்கு.”

“அப்ப எடுத்துருங்க.”

“நம்பரையா?”

“எஞ்சினை.”

மணி ஐந்தே முக்கால். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. எஞ்சினைக் கெஞ்சுவானேன்? நம்பர்தான் புக்கிலேயே இருக்கிறதே. ஷெட் இருட்டில் புக்கைப் பிரித்து, அவசரமாக ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். நம்பும்படி இருக்கட்டும் என்று ஓரத்தில் கொஞ்சம் கிரீஸும் தடவினார்.

“படிச்சாச்சு” என்று நீட்டினார்.

மனைவி மிஷினை நிறுத்தினாள். “எஞ்சின்லேர்ந்தா?”

“தடவித் தடவி, ஒண்ணொண்ணா.”

“கடைசி எண் மூணா எட்டான்னு புலம்பிட்டிருந்தீங்களே?”

“சந்தேகமே இல்ல. மூணு.”

“இதுல அஞ்சுன்னு எழுதியிருக்கீங்க.”

அவர் காகிதத்தைப் பார்த்தார். அவள் புக்கைப் பிரித்தாள்.

“இது சேஸிஸ் நம்பருங்க. வண்டியோட அடிச்சட்டத்துல இருக்கறது. எஞ்சின் நம்பர் இதுக்கு அடுத்த வரி.”

பிழை திருத்துகிறவர் முழுப் பிழையாக நின்றார்.

“மத்தியானம் நீங்க தூங்கினப்ப நான் போய்ப் பார்த்தேன். துணியில கோடு போடற சாக்பீஸைத் தேய்ச்சு, டார்ச்சைப் பக்கவாட்டுல பிடிச்சேன். பளிச்சுனு தெரிஞ்சுது.”

“என்ன நம்பர்?”

“புக்குல இருக்கற அதே எஞ்சின் நம்பர்தான்.”

அவருக்கு உயிர் வந்தது. “அப்ப ஒத்துப்போகுதுல்ல?”

“எஞ்சின் புக்கோட ஒத்துப்போகுது. நீங்கதான் எஞ்சினோட ஒத்துப்போகல.”

ஷெட்டுக்கு நடந்தவள், கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவி ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள்.

“சுவரோட சேர்த்துப் பிடிங்க. நம்பரை நானே படிச்சுக்கறேன்.”