ஓட்டு பாரீசுக்கு, வீடு நெல்லித்தோப்பில்

பிரான்ஸ் நாட்டின் ஜனாதிபதி யார் என்று தீர்மானித்தவர் எங்கள் நெல்லித்தோப்புத் தெருவில்தான் குடியிருந்தார். அந்த நாட்டில் தேர்தல் வந்துவிட்டால் கோட்டை மாட்டிக்கொண்டு, கைத்தடியோடு ஷேர் ஆட்டோ ஏறிக் கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுத் தூதரகத்துக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவார். தன் தயவில்லாமல் பாரீசில் ஒருவரும் நாற்காலியில் உட்கார முடியாது என்பது அவர் எண்ணம். தன் வீட்டு வாசல் சாக்கடைக்கு ஒரு மூடி போடவைக்கத்தான் அவரால் முடியவில்லை.

தெருவில் அவர் பெயர் எகாலித்தே. பெற்றவர்கள் வைத்தது வேறு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்த நாட்டுக் குடிமகன். எதற்கெடுத்தாலும் "எகாலித்தே!" என்று கையை உயர்த்துவார். சமத்துவம் என்று அர்த்தமாம். அவர் வீட்டில் மட்டும் கரண்ட் போனால் எகாலித்தே என்று கத்துவார். தெருவுக்கே போனால் பேசாமல் இருப்பார், சமத்துவம் வந்துவிட்டதல்லவா!

மீன் விற்கும் எங்கள் தெரு அஞ்சலையக்காவை "மதாம்" என்று பிரெஞ்சு மரியாதையில் கூப்பிட்ட ஒரே பிறவியும் அவர்தான்; அக்காவுக்கு அவர் முசியே. அக்கா ஆளைப் பார்த்து விலை சொல்வார். பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டுக்குக் குறைந்த விலை. லாஸ்பேட்டையில் கவர்மெண்ட் வேலை பார்க்கும் எனக்கு, கேட்கவே வேண்டாம். எகாலித்தேவால் இதைத் தாங்க முடியவில்லை.

"மதாம், இது அநியாயம். ஒரே வெலைய எழுதி வை. யாரு வேணா வாங்கட்டும். சுதந்திர சந்தைன்னா அதான்."

"எழுதிட்டாப் போச்சு முசியே. நீங்களே எழுதுங்க."

சிலேட்டில் அழகாக எழுதிக் கொடுத்தார். மறுநாள் விடிந்ததும் மெயின் ரோட்டு ஓட்டல்காரர் ஒருவர் பைக்கில் வந்தார், சிலேட்டைப் படித்தார், கூடை மீனையும் மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று தெரு முழுக்க ரசம்.

"யாருக்குமே மீனு இல்ல. வந்துடுச்சா உங்க எகாலித்தே?" என்று அக்கா கேட்டார். சிலேட்டைத் துடைத்துவிட்டுக் கூடைக்கு மூடியாக வைத்துக்கொண்டார்.

பிறகு எங்கள் ஊர்த் தேர்தல் வந்தது. அதற்கு முன்னால் அவசர அவசரமாகத் தெருச் சாக்கடைக்கு சிலாப் போட்டார்கள். எல்லா வாசலிலும் போட்டு, எகாலித்தே வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள். ஏனய்யா என்று கேட்டேன். "இந்த வூட்ல ஓட்டு இல்லியாமே சார்," என்றான் மேஸ்திரி.

"ஓட்டு இருக்கு! பாரீசுல இருக்கு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்ப பாரீசுலேருந்து சிலாப்பு வரும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சிரிப்பு அன்றோடு சரி. எகாலித்தேவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆன கால். குறுக்கே ஒரு பலகையைப் போட்டுத் தடியை ஊன்றித் தாண்டுவார். ஒரு மழைநாளில் பலகை வழுக்கி, இடுப்புவரை சாக்கடைக்குள் போய்விட்டார். நானும் அக்காவும் தூக்கினோம். சேறு சொட்டச் சொட்ட நின்றுகொண்டு "மெர்சி மதாம்" என்றார். எனக்கு நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த தடவை விழும்போது நாங்கள் பக்கத்தில் இருக்க வேண்டுமே!

தெருமுனையில் மிச்சமாகிப்போன சிலாப் ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன்.

"அது பொதுச் சொத்து. பொதுமக்கள் முடிவு பண்ணணும்," என்றார். விடுவாரா மனிதர்? பிஸ்கட் டின்னில் ஓட்டைபோட்டு, ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பே வைத்துவிட்டார். வேண்டும் என்றால் "ஊய்", வேண்டாம் என்றால் "நோன்". டீக்கடை வாசலில் எல்லோரும் வரிசையாக நின்று சீட்டுப் போட்டோம். அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து உரக்கப் படித்தார். எல்லாம் ஊய். கடைசிச் சீட்டு மட்டும் நோன்.

"எவன் அவன், ஈவு இரக்கம் இல்லாதவன்?" என்று டீக்கடைக்காரர் எழுந்துவிட்டார்.

"நான்தான்," என்றார் எகாலித்தே. "எல்லாரும் ஒரே பக்கம் போட்டா அது தேர்தல் இல்ல, சர்வாதிகாரம். எதிர்க்க ஒரு ஆள் வேணும்ல?"

டீக்கடைக்காரர் திரும்ப உட்காருவதற்குள் எகாலித்தே வீட்டுப் பக்கமிருந்து "தொம்" என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், அக்கா, மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் இருவரைக் கூட்டிவந்து சிலாப்பைப் போட்டு முடித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எண்ணி முடிச்சிட்டீங்களா? வந்து ஏறிப் பாருங்க."

"முடிவு சொல்றதுக்கு முன்னாடியே போட்டுட்டியே மதாம்! இது முறையா?"

"முறை பாத்துனு இருந்தா இன்னொரு முட்டியும் போயிடும் முசியே."

தடியால் சிலாப்பைத் தட்டிப் பார்த்தார். மெதுவாக ஏறி உள்ளே போனார். திரும்ப வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனார். அன்று சாயங்காலம் முழுக்க அந்த மனிதருக்கு அதுதான் வேலை.

போன வருஷம் அவருடைய மகள் வந்து பாரீசுக்கே அழைத்துப் போய்விட்டாள். சென்ற வாரம் வீடியோ காலில் வந்தார். மெலிந்திருந்தார். நாலாவது மாடியாம். லிஃப்ட் கெட்டுப்போய் மாதக்கணக்காகிறதாம். முட்டியோடு இறங்க முடியாமல் உள்ளேயே கிடக்கிறாராம்.

"கட்டடமே கூட்டம் போட்டு ஓட்டுப் போட்டுட்டம்ப்பா. எல்லாம் ஊய். லிஃப்டுதான் வரல," என்றார். பிறகு, "இங்க அஞ்சலை இல்லியே," என்றார். மதாம் போட மறந்துவிட்டார்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். மீனை நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. எதிரே பூட்டிக் கிடந்த அவர் வீட்டையும் வாசல் சிலாப்பையும் பார்த்தார்.

"வரச் சொல்லுப்பா. ஓட்டு எங்க வேணா இருக்கட்டும். ஆளு இங்க இருந்தாப் போதும்."