மீசைக்காரரை அழிக்காதே என்று சொல்லப்போய்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நான் ஏதோ இருக்கிறேன்.

நீ கூப்பிட்டபடியே வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்துவிடுகிறேன். இனி எந்த முகத்தோடு இந்த ஆபீசில் துடைப்பத்தைத் தூக்குவேன்? உன் மச்சான் வாட்ச்மேனாக இருந்த இடம், அவர் போன பிறகு எனக்குக் கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்தார்கள். கடைகளுக்குக் கம்ப்யூட்டரில் பில் போடும் புரோகிராம் செய்கிறவர்கள். போன வாரம் கண்ணாடி போட்ட பெண்ணின் மேசையைத் துடைக்கிறேன், திரையில் "மீசைக்காரர்" என்று இருக்கிறது. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஆனாலும் ஆபீசே உன் மச்சானைக் கூப்பிட்ட பேர் எனக்குத் தெரியாதா? மீசைக்காரர் ஒரு குடை வாங்கினார், பணம் கட்டினார், அவ்வளவுதான், ஆளைக் காணோம்.

"எங்கம்மா அவரு?"

"அழிஞ்சிடும்க்கா. புரோகிராம் சரியா ஓடுதான்னு பாக்க ஒரு பொய் வாடிக்கையாளர். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தனியா ஒரு டேட்டாபேஸ், கணக்கு நோட்டு மாதிரி, நிமிஷத்துல வரும், முடிஞ்சதும் போயிடும்."

"ஒரு தடவ போனது போதாதாம்மா?" என்று அழுதுவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு இளகிய மனசு. எல்லா டெஸ்ட்டுக்கும் பொதுவாக, அழியாத டேட்டாபேஸ் ஒன்றில் அவரைப் போட்டுவிட்டாள். மறுநாள் திரை பூராவும் சிவப்பு, டெஸ்ட்டெல்லாம் தப்பாகிவிட்டதாம். புது ஆளைச் சேர்க்கப் போனால் 'இவர் ஏற்கெனவே இருக்கிறார்' என்கிறது, ஒரு குடை இருக்க வேண்டிய இடத்தில் முந்தின டெஸ்ட்டுகளில் வாங்கினதெல்லாம் குவிந்து கிடக்கிறது. வீட்டுக் குடையை எல்லாம் பஸ்சில் தொலைத்த மனுஷன்!

மேனேஜர் கத்துகிறார்: "யாருய்யா இந்த மீசைக்காரர்? ஊர்க் குடையெல்லாம் இவர்கிட்டதான் இருக்கு! வெளிய தள்ளுங்க!"

அவர் புதிதாக வந்தவர், உன் மச்சானைத் தெரியாது. வாளியோடு நின்றேன். அந்தப் பெண் திட்டு வாங்கினாளே தவிர என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பழையபடி மாற்றிவிட்டு என்னிடமே வந்து, "மன்னிச்சுக்கோங்கக்கா" என்கிறாள். நான் செத்தேன், தம்பி. ஞாயிற்றுக்கிழமை வண்டி அனுப்பு.

பிள்ளைகளை நான் உச்சிமோந்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: வண்டி அனுப்பாதே. இன்று காலை வேலையை விடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காந்து பாருங்க" என்று பட்டனை அழுத்தினாள். வந்தார். கடைசியில் அவரைப் படுத்திய இருமல் இல்லாமல், புது ஆளாக. "புரோகிராம்ல யாரு எத மாத்தினாலும் டெஸ்ட் ஓடும், மறுபடி மொதல்லேர்ந்து வருவாருக்கா" என்கிறாள். அவர் வரும்போது யார் பார்ப்பது, நான் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டால்? இன்றும் குடைதான் வாங்கினார். தொலைப்பதற்குள் போய்விட்டார்.